டோலமைட் யுரேனியத் தாதில் பைரைட்டை நுரைமிதப்பில் எடுக்கும்போது யுரேனியமும் கூடவே போகிறது – குறைப்பது எப்படி?

சல்லடை_200

தும்மலப்பள்ளி வகைத் தாதுதான் மனசுல இருக்கு. ஆந்திராவின் கடப்பா படுகை, வேம்பள்ளி அடுக்கு. டோலமைட் 80 சதவீதத்துக்கு மேல. யுரேனியம் (ஆக்சைடாக, U₃O₈) 0.045 சதவீதம்னு வெச்சுக்குவோம், பைரைட் (இரும்புச் சல்பைடு) 1.5. கார்பனேட் இவ்வளவு இருக்கிற இடத்துல அமில லீச்சிங்னு (அமிலத்துல கரைச்சு எடுக்கிறது) பேசவே முடியாது, சோடியம் கார்பனேட் (சோடா) வழிதான். பைரைட் அந்தச் சோடாவைத் தின்னுது. அதனால லீச்சிங்குக்கு முன்னாடியே நுரைமிதப்புல (காற்றுக் குமிழியோட ஒட்ட வெச்சு மேல தூக்கிப் பிரிக்கிற முறை) பைரைட்டைத் தூக்கிடணும்.

என் கேள்வி இதுதான். சாந்தேட் (பைரைட் பரப்புல ஒட்டி அதைக் குமிழியோட சேர்க்கிற கலெக்டர்) போட்டா பைரைட் 85–90 சதவீதம் நுரையில வந்துடும். அதோட தாதுல இருக்கிற யுரேனியத்துல 7 சதவீதமும் ஏறி வந்தா என்ன செய்யணும்? ரீஏஜென்ட்டை மாத்தணுமா, அரைப்பை மாத்தணுமா? இன்னொண்ணு: பைரைட்டை விட்டுட்டு டோலமைட்டையே மிதக்க விட்டு எறிஞ்சா லீச்சிங்குக்குப் போற எடையே குறையுமே?

கூழ்வாசி

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில்: வேண்டாம். காரணத்தைப் பாறைத்துண்டு அக்கா வந்து சொன்னா தெளிவா இருக்கும்.

முதல் கேள்விக்குப் போறதுக்கு முன்னாடி கணக்கு. காரக் கரைசல்ல பைரைட் இப்படி வினைபுரியும்:

2FeS₂ + 7O₂ + 8Na₂CO₃ + 6H₂O → 2Fe(OH)₂ + 4Na₂SO₄ + 8NaHCO₃

ஒரு மோல் பைரைட்டுக்கு (120 கிராம்) 4 மோல் கார்பனேட் (424 கிராம்) கைமாறுது. ஆனா அதுல பாதி பைகார்பனேட்டா கரைசல்லயே நிக்கும், காஸ்டிக் போட்டுத் திரும்ப எடுத்துக்கலாம். சல்பேட்டாகிப் போற சோடியம்தான் உண்மையான நட்டம். அது ஒரு கிலோ பைரைட்டுக்கு 1.77 கிலோ சோடியம் கார்பனேட். கூடவே ஏறக்குறைய 1 கிலோ ஆக்சிஜன்.

ஒரு டன் தாதுல 15 கிலோ பைரைட். 85 சதவீதத்தை மிதக்க வெச்சு எடுத்தா 12.75 கிலோ. அது முழுக்க வினையாகியிருக்கும்னு எடுத்தா 22.5 கிலோ சோடா மிச்சம். மறுபக்கம், டன்னுக்கு 450 கிராம் யுரேனிய ஆக்சைடு. அதுல 1 சதவீதம் போனா 4.5 கிராம், 7 சதவீதம் போனா 31.5 கிராம். அன்னைக்கு இருக்கிற விலையை ரெண்டு பக்கமும் போட்டுப் பாருங்க, எந்த இழப்பு வரைக்கும் தாங்கும்னு தெரிஞ்சிடும். "யுரேனியம் போகவே கூடாது"ன்னு ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டாங்க.

ஒரு திருத்தம் மட்டும். லீச்சிங்ல பைரைட் முழுக்கக் கரையாது. நுரைமிதப்பு செய்யாத தாதை லீச் பண்ணி, கரைசல்ல சல்பேட்டை அளங்க. எத்தனை பங்கு வினையாகுதோ அதை அந்த 22.5-ஆல பெருக்கிக்குங்க. சல்பேட் அளக்காம சோடா மிச்சம்னு எழுதுற அறிக்கையை நான் நம்பறதில்ல.

பாறைத்துண்டு

டோலமைட்டை மிதக்க விடுறது பற்றி.

கார்பனேட்டை மிதக்க வைக்கணும்னா ஒலீக் அமிலமோ சோடியம் ஒலியேட்டோ வேணும், டன்னுக்கு 300–800 கிராம் அளவுல. அது கால்சியம், மெக்னீசியம் இருக்கிற எந்தப் பரப்புலயும் ஒட்டும். இந்தத் தாதுல யுரேனியம் ரெண்டு மூணு இடத்துல ஒளிஞ்சிருக்கு. மிக நுண்ணிய பிட்ச்பிளெண்டாக (யுரேனிய ஆக்சைடு கனிமம்) ஒரு பங்கு, பைரைட்டை ஒட்டி ஒரு பங்கு, கொலோஃபேன் எனும் பாஸ்பேட்டுக்குள்ள ஒரு பங்கு. ஒலியேட் கொலோஃபேனையும் டோலமைட்டையும் ஒண்ணாவே தூக்கும். பிட்ச்பிளெண்ட் பரப்புலயும் ஒலியேட் ஒட்டும். அப்போ எறியுறதோட யுரேனியமும் போகும்.

பாஸ்பேட் தொழில்ல டோலமைட்டைப் பிரிக்க ஒரு வழி உண்டு: கூழை லேசா அமிலமாக்கி, பாஸ்பேட்டை அமுக்கி, டோலமைட்டை மட்டும் மிதக்க விடுவாங்க. அங்க டோலமைட் சிறுபான்மை. இங்க 80 சதவீதம். ஊத்துற அமிலம் அத்தனையும் கார்பன் டை ஆக்சைடாப் பொங்கிப் போயிடும், pH நிக்கவே நிக்காது. தவிர, அஞ்சுல நாலு பங்கு எடையை நுரை வழியா தூக்குறதுங்கிறதே நடைமுறைக்கு ஒவ்வாத காரியம். நுரைமிதப்புல எப்பவும் குறைவா இருக்கிறதைத்தான் மேல கொண்டு வரணும்.

நமீபியாவோட கால்கிரீட் (மேல்மண்ல சுண்ணாம்பு இறுகின பாறை) தாதுகள் கதை வேற. அங்க கார்னோடைட் (யுரேனியக் கனிமம்) கற்களோட மேல்பூச்சா, இடுக்கு நிரப்பியா இருக்கு. தேய்த்துக் கழுவிச் சலிச்சாலே பெரிய கற்களை ஒதுக்கிடலாம். லாங்கர் ஹைன்ரிச் சுரங்கத்துல அப்படித்தான். தும்மலப்பள்ளில பாறைக்குள்ளேயே சிதறிக் கிடக்கறதால அந்தக் குறுக்கு வழி கிடையாது.

சல்லடை_200

சரி அக்கா, டோலமைட் யோசனையை விட்டுடறேன். ஆனா பைரைட்டை ஒட்டி யுரேனியம் இருக்குன்னா, அந்த 7 சதவீதத்தைக் குறைக்கவே முடியாதா?

கூழ்வாசி

அந்த 7-ஐ ரெண்டாப் பிரிக்காம பதில் சொல்ல முடியாது. ஒரு பங்கு பைரைட்டோட ஒட்டிக்கிட்டே வருது. இன்னொரு பங்கு எதோடயும் ஒட்டாம, குமிழிகளுக்கு நடுவுல இருக்கிற தண்ணியோட சும்மா ஏறி வருது. 20 மைக்ரானுக்குக் கீழ உள்ள தூள் எல்லாமே இப்படி ஏறும், அது எந்தக் கனிமமா இருந்தாலும். ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

பிரிச்சுப் பார்க்கிற சோதனை:

2.5 லிட்டர் டென்வர் செல் (சோதனைக்கூட நுரைமிதப்புத் தொட்டி), 1 கிலோ தாது. மீதி தண்ணி. திடப்பொருள் 32 சதவீதம் கிட்ட வரும். 1200 ஆர்பிஎம். காற்றுக் குழாய் மூடியே இருக்கட்டும். அமைல் சாந்தேட் 1 சதவீதக் கரைசல் 10 மில்லி (அதாவது டன்னுக்கு 100 கிராம்), 3 நிமிஷம் கலக்கவும். அப்புறம் எம்ஐபிசி (நுரையை உண்டாக்குற ஃபிராதர்) டன்னுக்கு 20 கிராம், 1 நிமிஷம். 20 கிராம்னா 1 கிலோவுக்கு வெறும் 25 மைக்ரோலிட்டர். சொட்டுக் குழாயில விட்டா அளவு சரியா நிக்காது, மைக்ரோ சிரிஞ்ச் வாங்கிக்குங்க. பிறகு காற்றைத் திறந்து, 15 விநாடிக்கு ஒரு தரம் ஒரே ஆழத்துல வழிக்கணும். 1, 2, 4, 8 நிமிஷத்துல தனித்தனித் தட்டு. ஒவ்வொரு தட்டையும் ஈரத்தோட எடை போட்டு, காயவெச்சு மறுபடி எடை போடுங்க. வித்தியாசம்தான் நுரையோட வந்த தண்ணி. தட்டுல வழிச்சுக் கழுவிவிட்ட தண்ணியைக் கழிக்க மறந்துடாதீங்க. இந்தச் சோதனை கெட்டுப் போற முதல் இடம் அதுதான்.

இப்போ படுக்கை அச்சுல தண்ணி மீட்பு, நிமிர்ந்த அச்சுல யுரேனிய மீட்பு, ரெண்டும் கூட்டுத்தொகையா வரைங்க. ஒரு உதாரணத்துக்கு: தண்ணி 4 சதவீதம் வந்தப்போ யுரேனியம் 3, தண்ணி 10-ல யுரேனியம் 4.5, தண்ணி 20-ல யுரேனியம் 7. நேர்கோடு. பின்னால நீட்டினா தண்ணி பூஜ்ஜியத்துல 2 சதவீதத்தைத் தொடும். அந்த 2 பைரைட்டோட ஒட்டினது. மீதி 5 தண்ணியோட ஏறினது. முதல் நிமிஷத்துலயே பைரைட்டோட பெரும்பங்கு வந்துட்டாத்தான் இந்தக் கோடு இவ்வளவு சுத்தமா வரும், மெதுவா மிதக்கிற பைரைட் இருந்தா ஆரம்பத்துல வளையும்.

பாறைத்துண்டு

அதே முடிவை வேற வழியில சரிபார்க்கலாம். கான்சன்ட்ரேட்டை (நுரையில எடுத்த பங்கு) 38 மைக்ரான் சல்லடையில ஈரமா சலிச்சு, கீழ போனதைச் சைக்ளோசைசர்ல (நுண்தூளைப் பருமன் வாரியா பிரிக்கிற கருவி) பிரிச்சு, ஒவ்வொரு பங்குலயும் யுரேனியம் பாருங்க. 20-க்குக் கீழ குவிஞ்சிருந்தா தண்ணியோட வந்தது. 38-க்கு மேலயும் அடர்த்தியா இருந்தா பைரைட்டுக்குள்ள பூட்டிக் கிடக்கு. அந்தப் பருமனான பங்குல மெருகேற்றிய வெட்டு ஒண்ணு எடுத்து நுண்ணோக்கியில பாருங்க. பைரைட்டைச் சுத்தி மெல்லிய பிட்ச்பிளெண்ட் விளிம்பு இருக்கா, இல்ல உள்ள புள்ளி புள்ளியா இருக்கா? விளிம்புன்னா மறு அரைப்புல கழன்றுடும். புள்ளின்னா கஷ்டம்.

கூழ்வாசி

தொடர்ச்சி. தண்ணியோட வர்ற அந்த 5-க்கு என்ன செய்யணும்:

கிளீனர் (நுரையை மறுபடி மிதக்க விட்டுச் சுத்தப்படுத்துற செல்) ஒண்ணு போடுங்க. ரஃபர் (முதல் சுற்று) நுரையைச் சின்ன செல்லுல, திடம் 10–12 சதவீதமா நீர்த்து, கலெக்டர் எதுவும் சேர்க்காம 3–4 நிமிஷம். ஏறி வந்த தூளோட பெரும்பங்கு கீழ இறங்கிடும். கிளீனர் டெய்லிங்ஸை (மிதக்காம கீழ தங்கின மிச்சம்) ரஃபருக்குத் திருப்பி அனுப்பாதீங்க. செம்பு ஆலைப் பழக்கத்துல எல்லாரும் அப்படித்தான் படம் போடுவாங்க. இங்க நமக்கு வேண்டிய பொருள் டெய்லிங்ஸ். அதுல கொஞ்சம் பைரைட் மிஞ்சியிருந்தா இருந்துட்டுப் போகட்டும், நேரா லீச் ஃபீடோட சேருங்க. திருப்பி அனுப்பினா நுண்தூள் சுத்திச் சுத்திச் சேர்ந்து, மறுபடி நுரையிலதான் ஏறும்.

ஆலை அளவுல நுரையோட உயரத்தைக் கூட்டணும். சோதனைச் செல்லுல 2 சென்டிமீட்டர்தான் இருக்கும். பெரிய செல்லுல 15–30 வைக்கலாம். உயரமான தூண் வடிவ (column) செல்லுன்னா மேலிருந்து கழுவுநீர் தெளிச்சு ஒரு மீட்டர் வரைக்கும் நிறுத்தலாம். தண்ணி கீழ வடிய நேரம் கிடைச்சா தூளும் வடியும்.

அப்புறம் நிறுத்துற நேரம். நுரையைப் பார்த்தாலே தெரியும். முதல் நிமிஷத்துல நுரை கறுத்த வெண்கல நிறத்துல, குமிழி முழுக்க மணி மணியா பைரைட் போர்த்தியிருக்கும். வாட்ச் கிளாஸ்ல எடுத்துச் சுழட்டினா ஓரத்துல மஞ்சள் பளபளப்பு ஒதுங்கும். மூணாவது நிமிஷம் வாக்குல குமிழி மேல சன்னல் மாதிரி வெறும் இடம் தெரிய ஆரம்பிக்கும், நுரை சாம்பலாகும். அதுக்கப்புறம் வர்ற வெளுத்த, பிசுபிசுத்த நுரை டோலமைட் தூளும் தண்ணியும்தான். பைரைட் மீட்பை 88-ல இருந்து 91 சதவீதம் ஆக்கணும்னு அந்த வெள்ளை நுரையை வழிச்சுக்கிட்டே இருந்தா, யுரேனியத்தைக் கையால அள்ளி வெளிய போடுற மாதிரி.

பூட்டிக் கிடக்கிற 2-க்கு: கிளீனர் கான்சன்ட்ரேட்டை மட்டும் 25 மைக்ரான் அளவுக்கு மறுபடி அரைச்சு இன்னொரு தரம் மிதக்க விடலாம். தாதுல 2–3 சதவீத எடைதான், மின்செலவு பெரிசில்ல. அதுலயும் பிரியலன்னா அந்தக் கான்சன்ட்ரேட்டைத் தனியா அமிலத்துல லீச் பண்ணணும். கனடாவில் பீவர்லாட்ஜ் ஆலை (1953–1982) கார்பனேட் வழியில ஓடினது. அங்க சல்பைடை நுரைமிதப்புல பிரிச்சு, அந்தச் சின்னப் பங்கை மட்டும் அமில வழியில விட்டாங்க. சரியான யோசனை. கான்சன்ட்ரேட்ல கார்பனேட் ஒட்டிக்கிட்டு வந்திருந்தா மட்டும் அமிலச் செலவு எகிறும், அதனால அங்கயும் கிளீனர் நல்லா ஓடியிருக்கணும்.

சல்லடை_200

அருமை அண்ணா. அரைப்பு பற்றி? 200 மெஷ்ல (75 மைக்ரான்) 80 சதவீதம் போற மாதிரி அரைச்சா போதுமா? லீச்சிங்குக்கு அதைவிட நுண்ணியது கேட்பாங்களே.

சாணைக்கல்

இதுல நான் நுழையறேன். நீங்க சொல்ற எண் ஒட்டுமொத்தத் தாதுக்கு. ஒவ்வொரு கனிமமும் அந்த அளவுல இருக்காது.

டோலமைட் கடினம் 3.5–4. பைரைட் 6–6.5. பந்து மில்லுல டோலமைட் மாவாகிடும், பைரைட் மணியா நிக்கும். சோதனை மில்லுல கதை அதோட முடிஞ்சுது. ஆலையில ஹைட்ரோசைக்ளோன் (கூழைச் சுழட்டி நுண்ணியதையும் பருமனையும் பிரிக்கிற கருவி) வரும். பைரைட் அடர்த்தி 5, டோலமைட் 2.85. சைக்ளோன் கனத்தைப் பார்த்துப் பிரிக்கிறதால, சரியான பருமனுக்கு வந்த பைரைட்டும் கீழ்வாய் வழியா மில்லுக்கே திரும்பும். நாலு சுத்து சுத்தி, தேவைக்கு மேல அரைஞ்சு, மிதக்க முடியாத தூளாகித்தான் வெளிய வரும். "சோதனைக்கூடத்துல 88 வந்துச்சு, ஆலையில 70 தாண்டல"ங்கிற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான்.

தீர்வு: சைக்ளோன் கீழ்வாயிலயே ஃபிளாஷ் செல் (அரைப்புச் சுத்துக்குள்ளேயே வைக்கிற நுரைமிதப்புச் செல்) ஒண்ணு வைக்கலாம். பருமனான, கழன்ற பைரைட்டை முதல் சுத்துலயே தூக்கிடும். பிட்ச்பிளெண்டும் கனமானதுதான், அதுவும் அங்க சேரும். ஆனா சாந்தேட் அதைப் பிடிக்காது, மில்லுக்கே திரும்பிப் போகும், போகட்டும். அதை நுண்ணியதா அரைக்கத்தானே லீச்சிங்காரங்க கேட்கிறாங்க.

இன்னும் ரெண்டு:

இரும்புப் பந்து மில்லுல அரைச்சா தேய்ஞ்ச இரும்பு ஹைட்ராக்சைடா பைரைட் மேல படியும். சோதனையை ஸ்டெயின்லெஸ் மில்லுலயும் ஒரு தரம் செஞ்சு வித்தியாசம் பாருங்க. 5 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா ஆலைக்கு ஹைகுரோம் பந்து கேட்க உங்களுக்கு ஆதாரம் கிடைச்சாச்சு.

தாதை அரைச்சு வெச்சுட்டு ரெண்டு வாரம் கழிச்சு மிதக்க விடாதீங்க. கல்லா வெச்சிருந்து அன்னைக்கு அரைச்சு அன்னைக்கே செய்யணும். ஆக்சிஜனேற்றமான பைரைட்டை எழுப்ப மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போடுங்கன்னு புத்தகம் சொல்லும். இந்தக் கூழ்ல கார்பனேட் அயனி நிறைய, செம்பு காரக் கார்பனேட்டாப் படிஞ்சு பச்சைத் தூளாகிடும். காசுக்குக் கேடு. தேவைன்னா சோடியம் சல்பைடு டன்னுக்கு 100–200 கிராம் முயற்சி பண்ணலாம். அளவு மீறினா அதுவே பைரைட்டை அமுக்கிடும்.

சாந்தேட் கரைசலும் தினம் புதுசா. நேத்துக் கலக்கினது கலங்கலா, அழுகின முட்டைக்கோஸ் வாசனையோட இருந்தா கொட்டிடுங்க. கார்பன் டை சல்பைடு வெளிவரும், தீப்பிடிக்கிற ஆவி, மூடின அறையில கலக்கக் கூடாது.

தெளிநீர்

எல்லாரும் செல்லுக்குள்ளேயே நிக்கிறீங்க. ஆலையில இது தோத்துப் போறது தண்ணியிலதான்.

கார வழி ஆலையில பொதுவா திரும்பி வர்ற கார்பனேட் கரைசலோடயே தாதை அரைக்கலாம். வெளித்தண்ணி உள்ள வராது, ரீஏஜென்ட் சுத்துல இருக்கும். நடுவுல நுரைமிதப்பு வந்தா அது முடியாது. சாந்தேட் பைரைட் மேல டைசாந்தோஜனா மாறித்தான் ஒட்டும். pH 11-ஐ நெருங்கினா அது உருவாகாது, 10-லயே தடுமாறும். அதனால நல்ல தண்ணியில அரைச்சு, இயற்கையா வர்ற pH 8–8.5-ல மிதக்க விடணும். டோலமைட் கூழ் தானாவே அங்க நிக்கும், அது வரைக்கும் வசதி. (யாராவது pH ஏத்த சுண்ணாம்பு போடலாம்னு வருவாங்க. பைரைட்டை அமுக்குறதுக்குச் செம்பு ஆலையில போடுறதே சுண்ணாம்புதான்.)

இப்போ 30 சதவீதக் கூழை லீச்சிங்குக்கு அனுப்ப முடியுமா? ஒரு டன் தாதுக்கு 2.33 டன் தண்ணி. அது அப்படியே உள்ள போனா கார்பனேட் கரைசல் நீர்த்துப் போகும், இல்ல அத்தனையும் கொதிக்க வெச்சு ஆவியாக்கணும். 55 சதவீதம் வரைக்கும் திக்கனர்ல கெட்டியாக்கினாலும் டன்னுக்கு 0.82 டன் தண்ணி கூடவே போகும். கார்பனேட் சுத்துல புதுசா நுழையற தண்ணி அது. அந்த அளவுக்கு எங்காவது வெளிய எடுத்தாகணும், எடுக்கும்போது கரைஞ்ச சோடாவும் போகும். கூழ்வாசியோட 22.5 கிலோவுல இதைக் கழிச்சீங்களா?

கூழ்வாசி

கழிக்கல. நியாயமான கேள்வி. ஃபில்டர் ஒண்ணு சேர்த்து ஈரம் 15 சதவீதத்துக்கு இறக்கினா டன்னுக்கு 0.18 டன் தண்ணிதான் போகும். அது டெய்லிங்ஸ் கேக்கோட ஈரமாவே வெளிய போயிடும். ஆனா ஃபில்டர் விலை இருக்கு. புது ஆலைக்கு வடிவமைக்கும்போதே சேர்த்தா ஒரு கணக்கு, ஓடுற ஆலையில நுழைக்கணும்னா வேற கணக்கு. தும்மலப்பள்ளி ஆலையில (2012) பைரைட்டை விட்டுட்டு, உருவாகிற சோடியம் சல்பேட்டையே துணைப்பொருளா பிரிச்சு எடுக்கிற வழிக்குப் போனாங்க. அதையும் ஒரு விடையாத்தான் பார்க்கணும்.

தெளிநீர்

சோடியம் சிலிகேட் பற்றி யாரும் சொல்லல. தூளைக் கலைக்க டன்னுக்கு 300–500 கிராம் போடுவாங்க, பைரைட் பரப்பு சுத்தமாகும், யுரேனியம் ஏறுறதும் குறையும். அதே கலைஞ்ச தூள் திக்கனர்ல படியாது. மேல்வழிவு பால் மாதிரி வரும், ஃப்ளாக்குலன்ட் (தூளைச் சேர்த்துப் படிய வைக்கிற பொருள்) செலவு ஏறும். போடாம முடிஞ்சா போடாதீங்க. அந்த மேல்வழிவுதான் மில்லுக்குத் திரும்புது, மிச்ச எம்ஐபிசியும் அதோட சுத்தும். பத்து நாள் ஓடினா ஃபிராதர் போடாமலே நுரை பொங்கும். மீட்டரைப் பார்க்காம நுரையைப் பார்த்து ஃபிராதரைக் குறைக்கச் சொல்லுங்க.

பாறைத்துண்டு

அளவீட்டுல ஒரு கண்ணி. கான்சன்ட்ரேட்ல யுரேனியத்தைக் காமா எண்ணியில பார்த்து எழுதாதீங்க. காமா வர்றது பெரும்பாலும் ரேடியத்துக்குப் பின்னால வர்ற பிஸ்மத், ஈயம் ஐசோடோப்புகள்ல இருந்து. புதுசா அரைச்ச தூள்ல ரேடான் தப்பிச்சிருக்கும், எண் குறைவா வரும். மூடி வெச்சு 3–4 வாரம் கழிச்சு எண்ணினாத்தான் ரேடியத்தோட சமநிலைக்கு வரும். அப்பவும் அது ரேடியத்தைத்தான் சொல்லுது. யுரேனியத்தை ஃப்ளூரிமெட்ரியிலயோ (ஒளிர்வை அளக்கிற முறை) ஐசிபியிலயோ (பிளாஸ்மா வழி வேதிப் பகுப்பாய்வு) நேரா பாருங்க. பைரைட்டுக்கும் அப்படித்தான்: மொத்தக் கந்தகத்தை வெச்சுக் கணக்குப் போட்டா ஜிப்சமும் பேரைட்டும் உள்ள வந்துடும், சல்பேட் கந்தகத்தைக் கழிச்சு எழுதணும்.

சல்லடை_200

கடைசியா ஒண்ணு. பிரிச்ச பைரைட்டை விக்கலாமா? தென்னாப்பிரிக்காவுல விட்வாட்டர்ஸ்ராண்ட் ஆலைகள்ல பைரைட்டை வறுத்து சல்ஃப்யூரிக் அமிலம் செஞ்சாங்கன்னு படிச்சேன்.

சாணைக்கல்

அங்க யுரேனியத்தை எடுத்ததே அமில வழியில. பைரைட்ல இருந்து வந்த அமிலம் அதே ஆலைக்குள்ள லீச்சிங்குக்குப் போச்சு, பைரைட்ல இருந்த தங்கமும் வறுத்த பிறகு கிடைச்சுது. அதனால அங்க பைரைட் வேண்டாத கனிமமே இல்ல. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம்லயும் அதே போலத்தான்: செம்புச் சல்பைடை மிதக்க வெச்சு எடுக்கிறாங்க, யுரேனியத்தைப் பெரும்பாலும் டெய்லிங்ஸ்ல இருந்து எடுக்கிறாங்க, செம்புக் கான்சன்ட்ரேட்டோட ஏறி வந்த யுரேனியத்தையும் அமிலத்துல கழுவி எடுக்கிறாங்க. கார ஆலைக்குப் பக்கத்துல அமிலம் யாருக்கு வேணும்?

தெளிநீர்

விக்கறதும் அவ்வளவு லேசில்ல தம்பி. கான்சன்ட்ரேட்ல யுரேனியம் 0.06 சதவீதம், எடை தாதுல 2 சதவீதம்னு வைங்க: இழப்பு 2 × 0.06 ÷ 0.045, அதாவது 2.7 சதவீதம். கணக்குக்கு நல்ல எண். ஆனா அந்தக் குவியல் தாதைவிடக் கதிரியக்கம் கூடினது. அணுசக்திச் சட்டப்படி யுரேனியம் கட்டுப்பாட்டுப் பொருள். வெளிய ஒரு லாரி போகணும்னாலும் ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) அனுமதி வேணும். டெய்லிங்ஸ் குளத்துல டோலமைட்டோட கலந்திருந்த வரைக்கும் அந்தப் பைரைட் அமிலம் விட்டாலும் அங்கேயே நடுநிலையாகிடும். பிரிச்சுக் குவிச்சதும் அந்தப் பாதுகாப்பு போச்சு. மழைபட்டா அமில நீர், ஈரக் காத்துபட்டா தானே சூடேறும். தண்ணிக்கு அடியிலயோ, கார டெய்லிங்ஸுக்கு நடுவுல மெல்லிய அடுக்கா புதைச்சோ வைக்கணும். ஃப்ளோஷீட்ல இதுக்கு ஒரு கட்டம் போட்டு, அதோட செலவையும் சோடா கணக்குல சேருங்க.